நல்லா கீறேன் சார்

நட்பு நாடு என்றுதான் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லக் கூடாது என்று அலுவலகத்தில் உத்தரவு. பெயர் சொல்லாமலேயே பழகிப் பழகி, கடைசியில் எங்களில் பாதிப் பேருக்கு அது எந்த நாடு என்பதே மறந்துவிட்டது. அங்கே குளிர் அதிகம், ஆட்கள் நல்ல சிவப்பு, அவர்கள் கொண்டுவந்த பிஸ்கட் பல்லை உடைக்கும். எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான்.

ஆவடிப் பக்கம் ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் கூடம் ஒன்றில் நான் டைப்பிஸ்ட். எண்பத்தேழில் அதற்குள் புதிதாக ஒரு பிரிவு ஆரம்பித்தார்கள். கூட்டு இணைச்செயல் ஒருங்கிணைப்புப் பொருத்தப் பிரிவு என்று பெயர். இந்த எல்லா வார்த்தையும் ஒரே அர்த்தம்தானே சார் என்று கேட்டேன். அதனால்தான் பலமாக இருக்கிறது என்றார் சண்முகசுந்தரம். அவர்தான் பிரிவுக்கு அதிகாரி.

விஷயம் என்னவென்றால், நாளைக்கு ஒரு சண்டை வந்து நம் ஆளும் அவர்கள் ஆளும் ஒரே பக்கம் நிற்கிறார்கள் என்று வையுங்கள். அவர்கள் வண்டி நின்றுபோனால் நம் ஆள் அடியில் படுத்துச் சரிசெய்ய வேண்டும். நம் வண்டி நின்றால் அவர்கள் ஆள் படுக்க வேண்டும். அதற்கு ஒரே அளவு நட்டு, ஒரே அளவு ஸ்பானர், இருவருக்கும் புரிகிற பேச்சு, இந்த மூன்றும் வேண்டும். நட்டும் ஸ்பானரும் பொருந்தப் பத்து வருஷமாவது ஆகும் என்று நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். பேச்சு சுலபம், மூன்று மாதத்தில் பொருத்திவிடலாம் என்று முடிவானது. பொருத்தியும் விட்டார்கள். 'பேச்சுப் பொருத்தம் நூற்றுக்கு நூறு' என்று நான் டைப் அடித்தேன், இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டது, காகிதம் டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது. நட்பு நாட்டுக்காரர்கள் வந்து இறங்கியது அதற்கு அப்புறம்தான்.

பதினொரு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மொழிபெயர்ப்பாளர். அவர் ஊரில் பெரிய கல்லூரியில் தமிழ் படித்துப் பட்டம் வாங்கி, செங்கதிர் என்று தனக்குத் தானே பெயரும் வைத்துக்கொண்டவர். தமிழ்ப் புத்தகம் அவர் பார்க்காதது கிடையாது. தமிழ் பேசுகிற ஆளைத்தான் அதுவரை பார்த்ததில்லை. என் மேசைக்கு வந்து, "அம்மையே, தட்டச்சுப் பணி இனிதே நிகழ்கின்றதா?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். தங்கமான மனிதர், அதைச் சொல்லியே ஆக வேண்டும். தலையணை மொத்தத்துக்கு ஓர் அகராதியை எந்நேரமும் கக்கத்தில் வைத்திருப்பார்.

இனி துலுக்கானத்தைப் பற்றி. பட்டாபிராம்காரர். இருபத்திரண்டு வருஷம் ஃபிட்டர் வேலை. எஞ்சின் இருமுகிற சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்தச் சமயம் அவருக்கு இரண்டு நாட்டு நட்பைப் பற்றியும் கவலையில்லை, மகள் தாயம்மாளைப் பற்றித்தான் கவலை. இரண்டு வரன் வந்து பேச்சு வார்த்தையிலேயே கலைந்துவிட்டது. மூன்றாவதாக வேப்பம்பட்டிலிருந்து ரயில்வேக்காரர் கஜபதியின் மகன். பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை வந்து பூ வைத்துத் தட்டு மாற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கி, அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

முதல் நாளே செங்கதிர் ஷெட்டைப் பார்க்க வந்தார். குறிப்பெடுக்க நானும் கூடப் போனேன். ஒரு டிரக்குக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஐயா, தாங்கள் எவ்விடத்தில் உள்ளீர்?" என்று குனிந்து கேட்டார்.

"இங்கதான் சார் கீறேன்" என்று அடியிலிருந்து துலுக்கானத்தின் குரல் வந்தது.

செங்கதிர் அகராதியைப் புரட்டினார். கீறு என்றால் பிறாண்டு, நகத்தால் கிழி என்று போட்டிருந்தது. முகத்தில் ஒரு சங்கடம் வந்தது. கூட வேலை செய்யும் வேம்புலியைப் பற்றிக் கேட்டார். அவன் கேண்டீனில் கீறான் என்று பதில் வந்தது. மேற்பார்வையாளரைப் பற்றிக் கேட்டார். அவர் காலையிலிருந்து ஆபீசிலேயேதான் கீறாரு என்று பதில் வந்தது.

"தங்கள் இல்லத்தார்?" என்று குரல் தாழ்த்திக் கேட்டார் செங்கதிர்.

வெளிநாட்டுக்காரர் வீட்டை விசாரிக்கிறாரே என்று துலுக்கானத்துக்கு ரொம்பச் சந்தோஷம். வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்: "அல்லாரும் ஊட்ல சௌக்கியமா கீறாங்க சார்."

போகிற போக்கில் பதினேழாம் நம்பர் ஸ்பானர் எங்கே என்றும் கேட்டார் செங்கதிர். அந்தப் பெட்டியில் கீது என்றார் துலுக்கானம். கீது அகராதியில் இல்லை. ஆனால் பட்டம் வாங்கியவர் அல்லவா. கீறான், கீறாள், கீறார், அப்படியானால் கீது என்பது அஃறிணை ஒருமை என்று நின்ற இடத்திலேயே இலக்கணம் கண்டுபிடித்துவிட்டார்.

மறுநாள் காலை அவர் எழுதிய அறிக்கை டைப் அடிக்க என் மேசைக்கு வந்தது. இந்தியத் தரப்பின் பணியாளர் அனைவரும், அவர்தம் குடும்பத்தாரும், ஒரு பெட்டி ஸ்பானர்களும் சொறிநோயால் பீடிக்கப்பட்டிருக்கிறார்கள். நோயை அவர்கள் மறைக்கவில்லை, கேட்டவுடன் மலர்ந்த முகத்தோடு ஒப்புக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தது.

நான் அதை எடுத்துக்கொண்டு சண்முகசுந்தரத்திடம் ஓடினேன். கீறேன் என்றால் இருக்கிறேன் என்று அர்த்தம், அவரிடம் சொல்லிவிடலாமே சார் என்றேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எனக்குத் தெரியாதா ரோஸி? நானே அம்பத்தூர்ல பொறந்து வளந்தவன். பேச்சுப் பொருத்தம் நூத்துக்கு நூறுன்னு டெல்லிக்கு எழுதியாச்சு. இப்ப ஒரு வார்த்தை புரியலேன்னா அது தொண்ணூத்தொம்பதா ஆயிடும். ஆச்சுன்னா ஏன்னு கேப்பாங்க. சொறின்னா ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டான். சொறி வரும், போகும். நட்பு அப்படி இல்லம்மா. நண்பன் ஒனக்குச் சொறி இருக்குன்னு சொல்றான். இல்லேன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்றது என்ன நாகரிகம்?"

ஒப்பந்தத்தில் பதினாலாவது விதி என்று ஒன்று இருந்தது. மூன்று பேருக்கு மேல் தொற்றுநோய் கண்டால் எல்லாரையும் ஒதுக்கி வைக்க வேண்டும், வாரத்துக்கு ஒரு நாள் டாக்டர் வந்து பார்த்து, சரியாகிவிட்டது என்றால்தான் வெளியே விடலாம். அந்த வியாழக்கிழமையே ஷெட்டிலிருந்த பதினேழு பேரையும் பட்டாபிராமில் ரயில் லைனை ஒட்டியிருந்த பழைய கிடங்கில் கொண்டுபோய் வைத்தார்கள். ஸ்பானர் பெட்டிக்குத் தனி அறை. துலுக்கானம் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். அடுத்த வியாழன் விட்டுவிட்டால், பூ வைக்கிற வெள்ளிக்கு இன்னும் ஒரு வாரம் முழுசாக மிச்சம். அதனால் பேசாமல் படுத்துக்கொண்டார். லீவு கேட்காமலே ஒரு வாரம் ஓய்வு கிடைத்ததே என்றுகூட வேம்புலியிடம் சொன்னாராம்.

நட்பு நாட்டு டாக்டரம்மா வந்து எல்லாருக்கும் தலை முதல் கால் வரை ஊதா மருந்து பூசினார். மருந்து பூசிய மூன்றாம் நாள்தான் அரிப்பு ஆரம்பித்தது. அதுவரை யாருக்கும் ஒன்றுமில்லை. பதினேழு பேரும் சொறிவதைப் பார்த்து, சரியான சமயத்தில் நோயைக் கண்டுபிடித்த செங்கதிருக்கு அவர் மேலதிகாரி கை கொடுத்துப் பாராட்டினார்.

அப்புறம்தான் சண்முகசுந்தரத்துக்குச் சமத்துவம் ஞாபகம் வந்தது. எதைச் செய்தாலும் இரண்டு தரப்பும் சமமாகச் செய்ய வேண்டும் என்பது முதல் விதி. நம்மில் பதினேழு பேர் உள்ளே இருந்தால் அவர்களிலும் பதினேழு பேர் உள்ளே இருக்க வேண்டாமா? அவர்களிடம் டாக்டரையும் செங்கதிரையும் கழித்தால் ஒன்பது பேர்தான். பாக்கி எட்டுப் பேரைத் தனி விமானத்தில் வரவழைத்தார்கள். பாவம், கடல் பார்க்கலாம் என்று குளிக்கிற டவலோடு வந்து இறங்கினார்கள். நேராகக் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போய் மருந்து பூசியாயிற்று. மூன்றாம் நாள் அவர்களுக்கும் அரிப்பு.

முப்பத்துநாலு பேரும் அவரவர் இஷ்டத்துக்குச் சொறிவது ஒழுங்காக இல்லை என்று ஒரு கால அட்டவணை போட்டார்கள். காலை பத்து முதல் பத்தே கால் வரை, விசில் அடித்ததும் எல்லாரும் சேர்ந்து சொறிய வேண்டும். அவர்கள் வலது கையால் ஆரம்பிப்பார்கள், நம்மவர்கள் இடது கையால். இதற்கு ஒரு பேச்சுவார்த்தை நடந்து, ஒற்றைப்படைத் தேதியில் வலது, இரட்டைப்படைத் தேதியில் இடது என்று உடன்பாடானது. முதுகுதான் யாருக்கும் எட்டவில்லை. துலுக்கானம் எழுந்து போய், எருமை தேய்க்கிற மாதிரி கிடங்குத் தூணில் முதுகைத் தேய்த்துக் காட்டினார். 'இந்தியத் தரப்பு வழங்கிய தொழில்நுட்பம்' என்று அதையும் நான் டைப் அடித்தேன்.

டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். விசில் அடித்தது. முப்பத்துநாலு கைகளும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கின. சண்முகசுந்தரம் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சார், அவங்க வந்து எறங்கினதுலேந்து ஒரு டயர் மாத்துறதைக்கூட இவங்க சேர்ந்து செய்யல. இன்னிக்கு ரெண்டு நாடு, ஒரே விசில், ஒரு தப்பு கிடையாது. இதுக்குத்தான் சார் இந்தப் பிரிவே ஆரம்பிச்சோம்" என்றார். அதிகாரி கை தட்டிவிட்டு, யாரையும் தொடாமல் காரில் ஏறிப் போனார்.

இதற்கெல்லாம் நடுவில், முதல் வியாழக்கிழமை டாக்டரம்மா சோதிக்க வந்தார். அவர் கேட்பதைச் செங்கதிர் தமிழில் கேட்பார், பதிலை அவருக்குச் சொல்வார். எப்படி உள்ளீர் என்று துலுக்கானத்தைக் கேட்டார்.

"நல்லா கீறேன் சார்."

இன்னும் ஒரு வாரம் என்று அட்டையில் எழுதிவிட்டுப் போனார்கள். வேம்புலி சூப்பராக் கீறேன் என்றானாம், அவனுக்குக் கூடுதலாக ஒரு கோட்டு மருந்து.

திருவள்ளூர் போகிற மின்சார வண்டி அந்தக் கிடங்கை உரசிக்கொண்டுதான் போகும். ஊதா நிறத்தில் ஆட்கள் வரிசையாக நின்று சொறிவதை ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். வண்டி திருநின்றவூர் தாண்டுவதற்குள் அது பெரிய வியாதியாகிவிட்டது. வேப்பம்பட்டில் இறங்கும்போது, அதைப் பார்க்கவே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றாகிவிட்டது. கஜபதி காதுக்கும் போயிற்று.

துலுக்கானத்தின் மனைவி ஜெகதாம்பாள் தினமும் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் சோற்றுத் தூக்கோடு வந்து நிற்பார். புதன்கிழமை நான் கோப்பு கொண்டுபோயிருந்தபோது தூக்கைக் கொடுக்காமலேயே பேச ஆரம்பித்தார்.

"யோவ், கஜபதி ஆளு உட்டுச் சொல்லிட்டாரு. வெள்ளிக்கெழம ஒன்னிய நேர்ல பாத்து, ஒனக்கு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சாதான் தட்டு மாத்துவாராம். இல்லாங்காட்டி வந்த வழியே போய்க்கினே இருப்பாராம். மூணாவது எடம்யா இது. அந்தப் பொண்ணு நேத்துலேந்து சோறு துன்னல."

துலுக்கானம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊதா முகத்தில் கண் மட்டும் சிவந்திருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. அவரைத் தனியே கூப்பிட்டு, நாளைக்குக் கேட்டால் கீறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், இருக்கிறேன் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் அன்று முழுவதும் அதையே மனப்பாடம் செய்தார். இருக்கிறேன், இருக்கிறேன் என்று தூணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்ததாக வேம்புலி சொன்னான்.

வியாழக்கிழமை டாக்டரம்மா எதிரே வந்து நின்றார். எப்படி உள்ளீர் ஐயா என்றார் செங்கதிர். துலுக்கானம் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தார். நாற்பத்தெட்டு வருஷப் பழக்கம் எங்கே போகும்.

"நல்லா இரு... இரு கீறேன் சார்."

செங்கதிர் பென்சிலை உதட்டில் வைத்து யோசித்தார். இரு என்றால் இரண்டு. இரு கரம், இரு விழி, இரு கீறு. "இருமடங்கு கீறுகின்றாராம்" என்று டாக்டரம்மாவிடம் வருத்தத்தோடு சொன்னார். ஒரு வாரம் இரண்டு வாரமானது. துலுக்கானம் தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்த லீவுக் காகிதம் மருந்து பட்டு அதுவும் ஊதாவாகிவிட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, ஜெகதாம்பாள் அவர்களை வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. நேராகக் கிடங்குக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கஜபதி வீட்டிலிருந்து இருபது பேர், தட்டு தாம்பூலத்தோடு வேலிக்கு வெளியே நின்றார்கள். தாயம்மாள் பட்டுப் புடவையில் அம்மாவுக்குப் பின்னால் தலை குனிந்து நின்றாள். உள்ளே துலுக்கானம். அவருக்குப் பக்கத்தில் செங்கதிர் குறிப்பு நோட்டோடு.

"இன்னா அண்ணாத்தே, எப்டி கீறே?" என்றார் கஜபதி.

துலுக்கானம் பதில் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் எத்தனை வாரமோ. செங்கதிரின் பென்சில் தயாராக நின்றது.

"வாய மூடிக்கினு நின்னா நான் இன்னான்னு எடுத்துக்கிறது? நோவு கீதா, இல்லியா?"

கஜபதியின் ஆட்கள் தட்டை எடுத்துக்கொண்டு மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தார்கள். துலுக்கானம் பென்சிலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"நல்லா கீறேன் அண்ணாத்தே. எனக்கு ஒரு நோவும் இல்ல. எத்தினி வாரம் வேணா போட்டுக்கட்டும். நீ எப்டி கீறே?"

"நாங்க அல்லாரும் நல்லா கீறோம்" என்றார் கஜபதி, மூச்சு வந்தவராக.

செங்கதிர் பதறிப்போனார். "எத்துணை பேர் ஐயா?"

"இருவது பேரு வந்து கீறோம் சார்."

நோய் வேப்பம்பட்டு வரை பரவிவிட்டது. செங்கதிர் வாசலைத் திறந்து எல்லாரையும் உடனே உள்ளே வரும்படி கை காட்டினார். கஜபதிக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது, சபாரியை இழுத்துவிட்டுக்கொண்டு முதலில் நுழைந்தார். வெளியே மிஞ்சியது ஜெகதாம்பாளும் மகளும்தான். "அம்மையே, தாங்கள்?" என்றார் செங்கதிர்.

ஜெகதாம்பாள் இரண்டு வாரமாக அந்த வேலியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர். எந்த வார்த்தைக்கு அந்தக் கதவு திறக்கும் என்று எங்கள் பிரிவு முழுவதையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்.

"நானும் கீறேன். எம் பொண்ணும் கீறா. பூவும் கீது, பழமும் கீது. பின்னால பூசாரியும் வந்துகினு கீறாரு."

எல்லாரும் உள்ளே போனார்கள். உள்ளே வந்தவர்களுக்கு மருந்து பூச வேண்டும் என்பது விதி. டாக்டரம்மா மாப்பிள்ளைக்குப் பூசினார், கஜபதிக்குப் பூசினார், பூசாரிக்கு விபூதிக்கு மேலேயே பூசினார். தாயம்மாளுக்குப் பூசும்போது மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரிக்க, அவளும் சிரித்துவிட்டாள். அன்றைக்குத்தான் அவள் சிரித்தே பார்த்தேன் என்று வேம்புலி சொன்னான்.

யாரோ சொல்லி சண்முகசுந்தரம் ஜீப்பில் பறந்து வந்தார். யார் அனுமதி கொடுத்தது என்று அவர் கேட்கவேயில்லை. நம் தரப்பில் இருபத்துமூன்று பேர் கூடிவிட்டார்களே, அந்த இருபத்துமூன்றுக்கு நான் நட்பு நாட்டில் எங்கே போவேன் என்றுதான் தலையில் கை வைத்தார்.

"அதுக்கு இன்னா சார், அந்த வெள்ளக்காரங்கள ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கறோம்" என்றார் ஜெகதாம்பாள். "எட்டுப் பேரு பொண்ணு ஊடு, ஒம்போது பேரு மாப்ள ஊடு. நீயும் வந்து ஒரு பக்கம் ஒக்காரு, சரியாப் பூடும்."

சண்முகசுந்தரத்துக்கும் மருந்து பூசி நடுவில் உட்காரவைத்துவிட்டு, தட்டு மாற்றினார்கள். துலுக்கானம் நீட்ட, கஜபதி வாங்க, "வாங்க சம்பந்தி" என்று இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். நட்பு நாட்டுப் பட்டாளத்துக்காரர் ஒருவர் ஸ்டூல் மேல் ஏறி எல்லாரையும் ஒரு படம் எடுத்தார். அடுத்த வாரம் மருந்து தீர்ந்துபோனது. மருந்து தீர்ந்ததால் நோயும் தீர்ந்தது என்று அறிவித்து எல்லாரையும் விட்டுவிட்டார்கள். தை மாதம் கல்யாணம் நடந்தது.

அந்தப் படம் ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது. எல்லாரும் ஒரே ஊதா. பெண் வீட்டார் யார், மாப்பிள்ளை வீட்டார் யார், நட்பு நாடு யார், நடுவில் கையில் வாழைப்பழத்தோடு உட்கார்ந்திருக்கும் அதிகாரி யார் என்று பிரித்துச் சொல்லவே முடியாது. இரண்டு தரப்பும் இவ்வளவு பொருந்தி இதற்கு முன் எங்கும் பார்த்ததில்லை என்று டெல்லியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

மகள் நிச்சயதார்த்தத்துக்கு இருக்கிறது அந்த ஒரு படம்தானே, வீட்டில் மாட்ட ஒரு காப்பி கொடுங்கள் என்று துலுக்கானம் மனு கொடுத்தார். ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. படம் ரகசிய ஆவணம் என்றும், மேற்படி படத்திலுள்ள நபர்களுக்கும் மனுதாரருக்கும் என்ன சம்பந்தம் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும் என்றும் இருந்தது.

பதிலை டைப் அடிக்க என்னிடம்தான் வந்தார். என்ன போடட்டும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை அவர்.

"பொண்ணு குடுத்த சம்பந்தம்னு போடு ரோஸிம்மா."